கௌசுவே அள்ளிய சீப்பு

கரண்ட் போனால்தான் என் கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் தெரியும். இன்சீன் சந்தைக்குப் பின்சந்தில் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். முக்கால்வாசி வேலை சுருட்டை முடியை நேராக்குவது. இடுக்கி சூடாக இருக்கும்வரை பெண்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. திடீரென்று கரண்ட் போய், ஒரு பக்கம் நேரும் மறுபக்கம் சுருளுமாகத் தலையை வைத்துக்கொண்டு, காகித விசிறியால் விசிறியபடி உட்கார்ந்திருக்கும்போதுதான் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அப்போது கண்ணாடிக்கு மேலே ஆணியில் தொங்கும் மரச்சாமான் கண்ணில் படும். "மமா, அது என்ன, சமையல்கட்டு முள்கரண்டியா?" என்று பர்மீஸில் கேட்பார்கள், மமா என்றால் அக்கா. கண் கூர்மையானவளாக இருந்தால், "அதுல முடி சிக்கியிருக்கே, கழுவலையா?" என்று முகத்தைச் சுளிப்பாள். நாள் முழுக்கச் சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவியே விரல் ஊறிப்போனவள் நான். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! "அது கழுவுற சீப்பு இல்ல" என்பேன். அதற்குள் தெருப்பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்துவார்கள், கரண்ட் வந்துவிடும், இடுக்கி சூடாகும், கதை அதோடு நின்றுபோகும். இன்றைக்கு உங்களிடம் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வந்தாலும் நிறுத்தமாட்டேன்.

அது என் பெரியம்மாவின் சீப்பு. தேக்கில் செதுக்கியது. பல் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் கனம், உள்ளங்கை நீளம். பற்களுக்கு மேலே கைப்பிடி, அதில் கத்திமுனையால் கீறிய குறுக்குக் கோடுகள், உச்சியில் ஒரு வளையம். ஒரு பல்லின் நுனி கருகியிருக்கும். மரம் முழுக்க மஞ்சள் பாரித்திருக்கும், அது மஞ்சள்தூளின் நிறம். சீப்பில் மஞ்சள்தூள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் ஏழு வயது வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் அது சீப்பு என்று தெரியாது. அதைக் கொண்டு கொதிக்கிற பானையிலிருந்து கௌசுவே அள்ளிக்கொண்டிருந்தோம். தேங்காய்ப்பாலும் கோழியும் போட்ட குழம்பை ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ்தான் கௌசுவே. இன்சீன் ரயில் ஒர்க்‌ஷாப் வாசலில் என் ஆச்சி அதைத்தான் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பாதிப்பேர் அந்தச் சீப்பால் அள்ளிய கௌசுவேயைத் தின்று வளர்ந்தவர்கள். இப்போது சொன்னால் குமட்டிக்கொண்டு வரும், ஆனால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. ஒரே தாய், தகப்பன் வேறு. அம்மாவின் தகப்பன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தமிழர், என் தாத்தா. பெரியம்மாவின் தகப்பன் கறுப்புப் பட்டாளத்துக்காரர். பெரிய சண்டை நடந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்து இறக்கினார்களே, அதில் வந்தவர். ஜப்பான்காரனை விரட்டியது யார் என்று கேட்டால் இங்கே பலரும் பல பேரைச் சொல்வார்கள். மேற்கே மலையிலும் காட்டிலும், லாரி போகாத இடத்தில், சோற்று மூட்டையையும் குண்டுப் பெட்டியையும் தலையில் சுமந்து ஏறியவர்களை யாரும் சொல்வதில்லை. வெள்ளைக்காரன் சண்டை, ஜப்பான்காரன் எதிரி, மலையோ பர்மாக்காரனுடையது, சுமை மட்டும் இவர்கள் தலையில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கதையும் ஞாபகம் வரும். எங்கள் முன்னோர்களையும் அதே துரைமார்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து தண்டவாளம் போடவும் மூட்டை தூக்கவும் விட்டார்கள். அவர்களையும் யாரும் சொல்வதில்லை. ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி நாங்கள்.

சண்டை முடிந்த பிறகு, ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் அந்த வீரர்கள் மாதக்கணக்கில் முகாமில் காத்துக்கிடந்தார்களாம். ஆச்சியின் குடும்பம் குண்டுவீச்சுக்குப் பயந்து இன்சீனை விட்டு மிங்கலாடோன் பக்கம் போய், இன்னும் திரும்பியிராத சமயம். தகப்பனைச் சண்டையில் பறிகொடுத்த ஆச்சி, தாயோடு சேர்ந்து முகாம் பக்கத்தில் கௌசுவே விற்றிருக்கிறாள். அங்கேதான் அந்தப் பட்டாளத்துக்காரர் சாப்பிட வந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? போகாமல், தூரத்துக் கிணற்றிலிருந்து இவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாராம். எங்கள் ஆட்கள் குடத்தை இடுப்பில் வைப்பார்கள். அவரோ தலையில் வைத்து, கையால் பிடிக்காமல், ஒரு சொட்டு சிந்தாமல், பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே நடந்து வருவாராம். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். "நான் மட்டும் சிரிக்கல" என்று ஆச்சி சொல்வாள். "மலையெல்லாம் சுமந்த தலை, அது எங்க ஆடும்?" தாலி உண்டா, கோயில் உண்டா என்று அப்புறம் கேட்டவர்களுக்கு ஆச்சி கௌசுவே ஊற்றியதில்லை. அதனால் கேள்வி சீக்கிரமே நின்றுபோனது.

கப்பல் வந்துவிட்டது என்று ஒரு நாள் காலையில் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓடிவந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை ஆச்சி கையில் கொடுத்து, அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். இருவருக்கும் பொதுவாகப் பத்துப் பதினைந்து வார்த்தைதான் இருந்திருக்கும், அதில் பாதி சாப்பாட்டுச் சாமான். ஆச்சி துணியை அவிழ்த்துப் பார்த்தாள், நீளநீளமாய்ப் பல், கைப்பிடி. அவர் வயிற்றைக் காட்டுகிறார். சரி, சாப்பாட்டு விஷயம், கௌசுவே அள்ள நல்ல முள் செய்து கொடுத்திருக்கிறார் மனுஷன் என்று எடுத்துக்கொண்டாள். அவள் பேரிலும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டு முடிக்கு நெருக்கமான பல் வைத்த சீப்புதான் தெரியும். விரல் கனத்துக்குப் பல் வைத்த சாமான் தலைக்கு என்று எங்கள் ஆட்களில் யாருக்குத் தோன்றும்? அவரை ஏற்றிக்கொண்டு கப்பல் போனது. முள் பானைக்குள் போனது.

பிள்ளை பிறந்தது. நல்ல கறுப்பு, அகன்ற மூக்கு, சுருண்டு சுருண்டு மேலெழும்பிய முடி. தினமும் கௌசுவே சாப்பிட வந்த ஃபிட்டர் ஒருவர் கைக்குழந்தையோடு சேர்த்தே ஆச்சியைக் கட்டிக்கொண்டார். அவர்தான் என் தாத்தா, தங்கமான மனுஷர். ஆனால் பெரியம்மாவின் தலைமுடிக்கு முன்னால் தங்கமும் செல்லவில்லை. ஆச்சி தேங்காயெண்ணெயைக் கவிழ்த்து, பேன்சீப்பை வைத்து இழு இழு என்று இழுப்பாளாம். பிள்ளை கத்தும், சீப்பின் பல் உடையும், கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒட்ட வெட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் உடைந்த சீப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்பார்கள். வேண்டிய சீப்பு பத்தடி தள்ளிப் பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

வளர்ந்த பிறகு பெரியம்மா முடியை இறுக்கி, வலைபோட்டு, மேலே ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே போவாள். பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. "கேசரி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்கட்டி. பொண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று அவளே சிரிப்பாள். கல்யாணம் ஆகவில்லை. மீன் விற்கிறவள் முதல் பஸ் கண்டக்டர் வரை அவளை "கப்பலிமா" என்று கூப்பிட்டார்கள். பர்மீஸில் கப்பலி என்றால் ஆப்பிரிக்காக்காரர். என் அம்மாவுக்கு அதைக் கேட்டால் முகம் சிவந்துவிடும், அக்காவுக்காகச் சண்டைக்குப் போவாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள். "உங்களையெல்லாம், இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னு, மொத்தமா கலான்னுதான் கூப்பிடுறான். எனக்கு மட்டும் தனிப் பேரு வச்சிருக்கான். விடு, மரியாதைதான!" எந்தச் சொல்லையும் இப்படித் தட்டிவிடுகிற வாய் அவளுக்கு. ஆனால் வீட்டுக் கண்ணாடியை மட்டும் அவள் பார்த்து நான் பார்த்ததில்லை. பவுடர் போடுவதுகூடக் கையால் தடவிக் கணக்குப் பார்த்துத்தான்.

அலோனில் ஆற்றோரம் ஒரு கப்பல் ஆபீசில் அவள் டைப்பிஸ்ட். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கப்பல் வருவதே அபூர்வம். அப்படி வந்த ஒரு கப்பலிலிருந்து காகித வேலையாக ஆபீசுக்குள் ஒருவர் நுழைந்தார். உயரமான கறுப்பு மனிதர், பந்துபோலத் தலைமுடி, அந்த முடியில் பின்பக்கமாகச் செருகிய ஒரு சாமான். பெரியம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். 'என்னடா இது, கௌசுவே முள்ளைத் தலையில் குத்திக்கொண்டு வந்திருக்கிறானே' என்றுதான் முதலில் நினைத்தாளாம். சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் போகும் சமயத்தில் எழுந்து போய், அதைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அவர் கழற்றிக் கொடுத்தார். அவருடையது பிளாஸ்டிக். "எங்கள் ஊரில் முன்பெல்லாம் மரத்தில் செதுக்குவார்கள், பிரியமானவர்களுக்குச் செதுக்கிக் கொடுப்பார்கள்" என்றார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். இன்சீன் என்றாள். அவர் சிரித்து, "அதற்கு முன்பு?" என்றார். பெரியம்மா தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். அவர் கையிலிருந்த தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டாராம். பர்மாவுக்குப் போய் வந்தவர்களைத் தங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது, அந்தக் கிழவர்கள் இன்னும் மழைபெய்தால் இந்த மலைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அங்கே ஓரிடத்தில் தான் பிறந்த நாட்டைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் என்று கேட்டதும் பெரியம்மா டைப் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததற்கு நானே சாட்சி. தட்டை வைத்துக்கொண்டு கௌசுவேக்குக் காத்திருந்தேன். பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டுக்குள் வந்தாள். ஆச்சி அந்த முள்ளால் பானையிலிருந்து அப்போதுதான் அள்ளிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள், கௌசுவே தரையில் விழுந்தது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடி முன்னால் வந்து நின்று கைக்குட்டையை அவிழ்த்தாள், வலையை எடுத்தாள். கழுத்துப் பக்கத்தில் சீப்பைக் கொடுத்து மேலே தூக்கினாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பல் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. முடி வலிக்காமல் பிரிந்து, எழும்பி, தலையைச் சுற்றி நின்றது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. அதுவரை ஒடுங்கியிருந்த அவள் முகம் அப்போதுதான் அதன் சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆச்சி கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மெல்ல அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். "வயித்தத் தொட்டுக் காட்டினாரு" என்றாள். "நீ வயித்துல இருந்த. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன், அவருக்கும் நான் சொல்லல. பாவி மனுஷன், தெரிஞ்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்காரு. உனக்குன்னு செஞ்சிருக்காரு. நான் கௌசுவே அள்ளிட்டேனே!" அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். பெரியம்மா கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே, "விடும்மா. பானையில கெடந்து எண்ணெய் குடிச்சதாலதான் பொழைச்சிருக்கு. பெட்டியில வச்சிருந்தா கரையான் தின்னிருக்கும்" என்றாள். குரல் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தது. என்னைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பசி தாங்காமல் கரண்டியால் நானே அள்ளிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவள் அந்தத் தலையோடுதான் ஆபீசுக்குப் போனாள். இடுப்பில் லொங்ஜி, வெள்ளைச் சட்டை, கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனாக்கா, அதற்கு மேலே அந்தக் கறுப்பு வட்டம். அடேயப்பா, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது! "யக்கா, கொஞ்சமாச்சும் அமுக்கிக்கோயேன், மாதா கோயில்ல எல்லாரும் பாக்குறாங்க" என்று என் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்காட்டுத் துணியோடு பின்னால் ஓடுவாள். "பாக்கட்டும். இத்தன வருஷம் பாக்காம இருந்தாங்களா?" அம்மாவுக்கு அக்கா மேல் உயிர். அதனால்தான் பயம். அக்காவை நாலு பேர் வித்தியாசமாகப் பார்க்கக்கூடாது என்று அவள் சின்ன வயதிலிருந்தே வேண்டிக்கொண்டவள். வித்தியாசத்தை மறைத்தால் அக்கா பத்திரமாக இருப்பாள் என்று நம்பினாள். அந்தப் பட்டாளத்துக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த ஆளு" என்பாள், எழுந்து போய்விடுவாள். என் அக்காவை இப்படிப் படைத்துவிட்டுக் கப்பலேறிப் போனவன் என்று அவர் மேல் அவளுக்குத் தீராத கோபம்.

ஞாயிறு மத்தியானங்களில் பெரியம்மா முன்னால் உட்கார, நான் பின்னால் முட்டிபோட்டு அவள் தலையை வாருவேன். கடை வைத்து இத்தனை வருஷத்தில் எத்தனையோ தலையைத் தொட்டிருக்கிறேன், அந்த முடியின் மெத்து எங்கேயும் கைக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம்தான் அவள் அதைச் சொன்னாள். "ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், மறக்காம வச்சுக்கோ. எங்கப்பா என்னப் பாத்ததில்ல. நானும் அவரப் பாத்ததில்ல. போட்டோவும் கெடயாது. பேருகூட உங்க ஆச்சி வாயில பட்டு என்னவா மாறிச்சோ, தெரியாது. நாளைக்கு மேல போனா அங்க எத்தன கோடிப் பேரு இருப்பாங்க! அதுல அவரு என்னை எத வச்சுட்டி கண்டுபிடிப்பாரு? இந்தத் தலை ஒண்ணுதான் அடையாளம். இப்படி இருக்கும்னு தெரிஞ்சுதான் சீப்பு செஞ்சாரு. அதனால என்னைப் பெட்டியில வைக்கும்போது அமுக்கி, முக்காடு போட்டு அனுப்பிராதீங்க. இந்தச் சீப்பால தூக்கி வாரிவிட்டு அனுப்பு." சீப்பையும் கூடவே வைக்கவா என்று கேட்டேன். "வேண்டாம். அவரு வேற செஞ்சு வச்சிருப்பாரு" என்றாள். சாவைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி, "சொல்லு, செய்வியா?" என்றாள். செய்கிறேன் என்றேன்.

கல்லறைத் திருநாள் வந்தால் எங்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டம். காலையில் இன்சீனில் தாத்தா கல்லறையை, பின்னாளில் ஆச்சி கல்லறையையும், கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிச் சாமியார் மந்திரிக்கும்வரை நிற்போம். அதன்பிறகு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மிங்கலாடோன், விமான நிலையம் எல்லாம் தாண்டி வடக்கே போனால் சண்டையில் செத்தவர்களின் பெரிய தோட்டம். கத்தரித்த புல், வரிசை வரிசையாகக் கல், நடுவில் தூண் மண்டபம், அதில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள். ஆப்பிரிக்கப் படைகளின் பெயர் வெட்டிய கற்களை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரியும். "பெரியம்மா, உங்க அப்பா கப்பலேறிப் போயிட்டாரே, இங்க எதுக்கு வாறோம்?" என்று முதல் தடவை கேட்டேன். "அவரு போய்ச் சேந்திருப்பாரு. அவரக் கும்பிட அங்க ஆளு இருக்கும். இவுங்க போகல பாரு. கூட வந்தவங்க, கூடச் சுமந்தவங்க. இவுங்களுக்கு இந்த ஊர்ல சொந்தம்னு சொல்ல என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள். ஒவ்வொரு கல் முன்னாலும் குனிந்து பெயரை உரக்க வாசிப்பாள். வாயில் நுழையாத பெயர்கள். தப்பாக இருக்குமோ என்றால், "பேரு சொல்லிக் கூப்பிட ஒருத்தி வந்தான்னு தெரிஞ்சாப் போதும்" என்பாள். அவர்களில் தொழுகை செய்கிறவர்களும் இருப்பார்கள், எங்கள் மாதிரி சிலுவைக்காரர்களும் இருப்பார்கள், வேறு சாமி கும்பிட்டவர்களும் இருப்பார்கள். அவள் எல்லோருக்கும் நம் மெழுகுவர்த்திதான் வைத்தாள். கல்லில் மெழுகு ஒட்டக்கூடாது என்று தோட்டக்காரர் சொன்னபிறகு பால் டின்னுக்குள் ஏற்றிப் புல்லில் வைத்தாள். கொஞ்ச வருஷத்தில் அவரே தீப்பெட்டியோடு காத்திருக்க ஆரம்பித்தார்.

போன மழைக்கு முந்தின மழையில் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் கிடந்து யாரையும் படுத்தவில்லை. மத்தியானம் டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை காணாது" என்று அம்மாவிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் குளிப்பாட்டி உடுத்தினோம். கோயிலிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா பீரோவைத் திறந்து வெள்ளைச் சரிகை முக்காட்டை எடுத்து வந்தாள், ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம். எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வழியில் நின்றேன்.

"யம்மா, வேண்டாம். பெரியம்மா சொல்லியிருக்கு."

"எனக்குச் சொல்லாததா உனக்குச் சொல்லிச்சு? கடைசித் தடவ கோயிலுக்குப் போறா. ஒரு மனுஷர் அவளப் பாத்துச் சிரிக்கக்கூடாது. நான் சிரிக்க விடமாட்டேன். நகரு."

நான் நகரவில்லை. வந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பெட்டி வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா அந்த ஞாயிறு மத்தியானம் சொன்னதை அப்படியே சொன்னேன். அங்கே கோடிப்பேர் இருப்பார்கள் என்றது, போட்டோ இல்லை என்றது, எதை வைத்து அவர் கண்டுபிடிப்பார் என்று கேட்டது எல்லாம். அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. "அந்த ஆளு" என்று எழுந்து போய்விடுகிறவளிடம் பெரியம்மா எப்படிச் சொல்லியிருப்பாள்? அம்மா என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிப்பாட்டியதில் பெரியம்மாவின் முடி ஈரமாகத் தலையோடு ஒட்டிப்போய், சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். நானே அடையாளம் கண்டிருக்கமாட்டேன்.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முக்காட்டை எடுத்தாள், அதைக் கொண்டு அக்காவின் தலையை ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடைத்தாள். சரிகைத் துணி, துடைக்கிற துணியா அது? பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "அதைக் கொண்டா." சீப்பைக் கொடுத்தேன். அது சீப்பு என்று தெரிந்த பிறகு என் அம்மா அதைத் தொட்டதில்லை. எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் கௌசுவே முள் மாதிரிதான் பிடித்தாள். நான் தலையைத் தாங்கிக்கொண்டேன். கழுத்துப் பக்கமிருந்து மேலே மேலே தூக்கினாள். நரைத்த முடி பிரிந்தது, எழும்பியது, முகத்தைச் சுற்றி வெள்ளையாக நின்றது. பெட்டியில் வைத்தபோது தலைப்பக்கம் இடம் போதவில்லை, தலையணையை எடுத்துவிட்டோம். மூடப்போகும் நேரம் அம்மா குனிந்து, காதோரத்தில் விலகியிருந்த கொஞ்ச முடியை இன்னொரு தடவை தூக்கிவிட்டாள். "யக்கா, பயப்படாமப் போ. அப்பா பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு" என்றாள். அந்த ஆளு என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, முட்டி வலிக்கிறது என்று எங்கேயும் வராத என் அம்மா பால் டின்களைத் தானே பையில் எடுத்துவைத்துக்கொண்டு டாக்சியில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவைப் போலவே தப்புத்தப்பாகத்தான் பெயர்களை வாசித்தாள். குரல் மட்டும் பெரியம்மாவைவிடப் பெரிது. தோட்டக்காரர் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே, "கறுப்பு அம்மா எங்கே?" என்று கேட்டார். அவங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டாங்க என்று அம்மா பர்மீஸில் சொன்னாள்.

நேற்றும் கரண்ட் போனது. பாதித்தலை நேரான ஒரு பெண், கல்யாணப் பெண், வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "மமா, அந்தச் சீப்புல வெள்ளை முடி சிக்கியிருக்கு, பாத்தீங்களா?" எழுந்து போய் ஆணியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். கருகிய பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று சுருள், அம்மா கடைசியாக வாரியபோது சிக்கியவை. அவள் ஒன்றை விரல்நுனியால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். நீண்டது. விட்டாள், திரும்பச் சுருண்டு பழைய இடத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள். இடுக்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. "யாரோட முடி?" என்று கேட்டாள். இடுக்கியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.